மூக்கை நம்பாதீங்க மக்கா

நான் கெமிஸ்ட்ரி படிச்சவன் இல்லை, சாதா பொட்டி தட்டுறவன். ஆனா போன ப்ராஜெக்ட்ல வந்த வேலை, கேஸ் க்ரோமட்டோகிராஃப் மெஷின் தர்ற கோட்டைப் படிச்சு, அதிலுள்ள ஒவ்வொரு மேட்டோட பரப்பையும் கணக்குப் போடுற ப்ரோக்ராம். எந்த மேடு எதுன்னு கேக்கப்போய்த்தான் பென்சீன் அறிமுகமாச்சு.

எங்க பெரிய மாமா பெட்ரோல் பங்க்ல இருபது வருஷமா வேலை பார்க்கிறார். "வாடையா? எனக்கு ஒண்ணும் தெரியலையேடா"ம்பார். அதான் பயமே. பழகிப்போன மூக்கு சொல்றதை நிறுத்திடும். பெட்ரோல் ஆவியில இருக்கிற பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரக்கூடியது. இந்தியாவில் 2009-ல வந்த காற்றுத்தர விதிப்படி, வருஷ சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல போகக்கூடாது. மூக்குக்குத் தெரியணும்னா இதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு வேணும்!

சரி, எப்படி அளக்கிறாங்க? பழைய முறையில, கரி அடைச்ச கண்ணாடிக் குழாய் வழியா பம்ப் வெச்சு காற்றை இழுப்பாங்க. அப்புறம் கரியில ஒட்டினதை கார்பன் டைசல்ஃபைடு ஊத்திக் கரைச்சு எடுக்கணும். விஷத்தை அளக்க இன்னொரு விஷம் :)

1990 வாக்கில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல யானுஷ் பாவ்லிஷின் குழு இதைச் சுலபமாக்கினாங்க. ஊசிக்குள்ள ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய சிலிக்கா இழை, அதுமேல 0.1 மில்லிமீட்டர் கனத்துக்கு சிலிக்கோன் பூச்சு. இழையை வெளியே நீட்டினா காற்றிலுள்ள ஆவி பூச்சுக்குள்ள கரையும். கொஞ்ச நேரத்துல ரெண்டு பக்கமும் சமநிலைக்கு வந்துடும். வெட்டவெளியில காற்றுக்கா பஞ்சம்? அதனால எத்தனை லிட்டர்னு அளக்கவே வேண்டாம். பூச்சுல சேர்ந்த அளவு, காற்றில் இருக்கிற அடர்த்திக்கு நேர்விகிதம். ஆனா வெப்பநிலையை மட்டும் குறிச்சுக்கணும்: சூடு ஏற ஏற பூச்சு குறைவாத்தான் பிடிக்கும். நம்மூர் மே மாசத்தையும் மார்கழியையும் ஒரே கணக்குல போட்டா விடை தப்பும்.

அப்புறம் இழையை உள்ளே இழுத்து, நுனியை அடைச்சு, குளிர்ச்சியா வெச்சு லேபுக்குக் கொண்டுபோவாங்க. மெஷினோட சூடான வாயில நீட்டினா பிடிச்ச ஆவி எல்லாம் கழண்டு நீளமான குழாய்க்குள்ள ஓடும். முதல்ல பென்சீன் (கொதிநிலை 80 டிகிரி), அடுத்து டொலுவின் (111), பின்னாடி சைலீன்கள். கடைசியில ஹைட்ரஜன் சுடர்ல எரியும்போது உண்டாகிற மின்னோட்டம்தான் அந்த மேடுகள். சைலீன்ல ரெண்டு வகை பிரியவே பிரியாம ஒரே மேடா நின்னு என் ப்ரோக்ராம் உயிரை வாங்கிச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இன்னொண்ணு. இழையை நீட்டாம ஊசிக்குள்ளயே விட்டா, ஆவி மெதுமெதுவா உள்ளே போய்ச் சேரும். அப்ப கிடைக்கிறது ஒரு நிமிஷத்துக் கணக்கு இல்லை, முழு ஷிஃப்டோட சராசரி. பேனா மாதிரி சட்டைப் பையில குத்திக்கலாம். அதுக்கு பென்சீனை நல்லாப் பிடிக்கிற கார்பன் கலந்த பூச்சு வேணும்.

லேபில் வேலை பார்க்கிற பதிவர் யாராவது இருந்தா சொல்லுங்க. ஒருநாள் மாமா சட்டையில குத்தி அனுப்பணும். எண்ணைக் கையில வெச்சுக்கிட்டுப் பேசினாத்தான் அவர் முதலாளி காதுல ஏறும்.