வாப்பாவுக்குக் கேட்காத எழுத்துகள்

எங்கள் காருக்கு வயது பத்து. கதவுகளில் இருந்த ஸ்பீக்கர்களின் காகிதக் கூம்புகள் நைந்துபோயிருந்தன. காயல்பட்டினத்திலிருந்து திருநெல்வேலிக்கு மருத்துவரைக் காணச் செல்லும்போதெல்லாம் வாப்பா கிராஅத் போடச் சொல்வார். சற்று நேரத்தில், "சத்தம் கேக்குது, எழுத்து வெளங்கலையே" என்பார். நான் ஒலியைக் கூட்டுவேன், இரைச்சல்தான் கூடும். நாளடைவில் அவர் கேட்பதையே நிறுத்திவிட்டார். முதுமையின் பிடிவாதம் என்று எண்ணிக்கொண்டேன்.

பழுதடைந்தவற்றை மாற்றச் சென்றபோதுதான் கடைக்காரர் விளக்கினார். முதுமையில் முதலில் மங்குவது கீச்சென்ற உயர் ஒலிகளைக் கேட்கும் திறனாம். ஸீன், ஷீன், ஸாத் போன்ற எழுத்துகளின் தெளிவு அவ்வொலிகளிலேயே இருக்கிறது. எங்கள் பழைய ஸ்பீக்கர்களோ அவற்றைச் சரிவர எழுப்பவே இல்லை. 6.5 அங்குல ஸ்பீக்கர்களையும், உயர் ஒலிகளுக்கெனத் தனி ட்வீட்டர்களையும் பொருத்தினார். கதவுத் தகடு அதிராதிருக்க உள்ளே ரப்பர் தாள் ஒட்டினார்.

அடுத்த பயணத்தில் ஒலியைக் குறைத்தே வைத்திருந்தேன். சிறிது தூரம் சென்றதும் வாப்பாவின் உதடுகள் காரியுடன் சேர்ந்து அசைந்தன. அல்ஹம்துலில்லாஹ்!

மகிழ்ச்சியோடு ஓர் உறுத்தலும் எழுந்தது. வீட்டிலும் அவருக்கு விளங்காதபோதெல்லாம் நான் குரலைத்தானே உயர்த்தினேன்? பெற்றோரிடம் கண்ணியமாகப் பேசுமாறு இறைவன் கட்டளையிட்டிருக்க, என் சொல் அவருக்கு அதட்டலாகவே சென்று சேர்ந்திருக்கிறது. இப்போது அருகில் அமர்ந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுகிறேன்.