விருந்தாளி கேட்ட நட்பு

திருவனந்தபுரத்தில் நாகர்கோவில் பஸ் ஏறினால் நெய்யாற்றின்கரை தாண்டி, பாறசாலைக்கு முன்னால் வருகிற ஊர் உதியன்குளங்கரை. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படுகிற எல்லைப் பகுதி. 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது பக்கத்து விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. கொண்டான் கொடுத்தான் உறவுக்காரர்கள் ஒரே நாளில் இரு மாநிலத்தவர் ஆனார்கள். கோயில் மட்டும் பிரியவில்லை. இங்கே கோயில் என்றால் மாதா கோயிலும் வேதக் கோயிலும்கூடத்தான். எல்லைக்கு இரு பக்கமும் அன்று லண்டன் மிஷன் வளர்த்த சபைகள், இன்று தென்னிந்தியத் திருச்சபையாக நிற்கின்றன.

இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வெளிநாட்டுப் பயணம் புது விஷயமே அல்ல. வளைகுடாவில் நர்ஸ், லண்டனில் மகன், மகளைப் பார்க்கக் கோடையில் போய்வந்த அம்மா என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை இருக்கும். திரும்பி வருகிறவர்களிடம் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது, என்ன கொண்டுவந்தாய் என்பதுதான்.

நூறு வருடங்களுக்கும் முன்னால் ஒரு கோடையை வெளிநாட்டில் கழித்துவிட்டு வந்த ஒரு திருநெல்வேலிக்காரர் பெட்டியில் என்ன கொண்டுவந்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அங்கே அவர் விட்டுவிட்டு வந்த ஒரு பேச்சு இன்றும் பேசப்படுகிறது. பாறசாலையிலும் பாளையங்கோட்டையிலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே திருச்சபையின் பெயர்ப்பலகை தொங்குவதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874 ஆகஸ்ட் 17-ம் தேதி வெள்ளாளன்விளையில் பிறந்தவர். தேரி மண்ணும் பனைமரமுமான ஊர். அப்பா தாமஸ் வேதநாயகம், இந்து குடும்பத்திலிருந்து வேதத்துக்கு வந்து கிராமத்துப் போதகர் ஆனவர். பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போது காலமாகிவிட்டார். மெய்ஞ்ஞானபுரம் பள்ளி விடுதியில் படிக்கும்போதே, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குள் சாதி பார்ப்பதை எதிர்த்து மாணவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தவர் அசரியா. பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. படித்தார், பட்டம் வாங்கவில்லை. 1895-ல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் வேலை கிடைத்தது. ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை.

அடுத்த ஆண்டு அமெரிக்காவிலிருந்து ஷெர்வுட் எடி என்ற இளைஞர் அதே வேலைக்கு வந்து சேர்ந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளை, யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர், வந்த இடத்தில் தமிழ் கற்றுக்கொண்டார். இருவரும் நண்பர்கள் ஆனார்கள். வெள்ளைக்காரருக்கும் இந்தியருக்கும் நட்பு என்பது அன்று சாதாரணமாகக் கிடைக்கிற சரக்கு அல்ல. ருசி கண்டவனுக்குத்தான் பசி தெரியும் என்பார்களே, அசரியா பின்னாளில் கேட்டதற்கு விதை இந்த நட்பில் இருந்திருக்க வேண்டும்.

முதல் கடல் கடந்த பாடம் ஐரோப்பாவில் கிடைக்கவில்லை, யாழ்ப்பாணத்தில் கிடைத்தது. 1902-ல், தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் விடுவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு, அசரியா அங்கே போனார். பேசியது தமிழ், சாப்பிட்டது ஏறக்குறைய நம் சாப்பாடு. அந்நியம் என்று சொல்ல அதிகம் எதுவுமில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே ஒரு சங்கம் அமைத்து, தாங்களே பணம் போட்டு, கடலுக்கு இந்தப் பக்கம் தொண்டி வட்டாரத்துக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதாவது, அசரியாவின் சொந்தத் தமிழ்நாட்டுக்கு! திருநெல்வேலியில் திருச்சபை வேரூன்றி நூறு வருடம் ஆகியிருந்தது. அந்த நூறு வருடத்தில் யாரையாவது எங்கேயாவது அனுப்பியதுண்டா? வாங்கிக்கொண்டே இருந்த சபை அது. மிஷனரி வருவார், பள்ளி கட்டுவார், சம்பளம் தருவார். கொடுப்பதற்கும் கை உண்டு என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வெட்கத்தோடு ஊர் திரும்பினார் அசரியா. 1903 பிப்ரவரி 12-ம் தேதி பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. பணம் இந்தியருடையது, ஆள் இந்தியர், நிர்வாகமும் இந்தியருடையது. போக வேண்டிய இடமாகத் தேர்ந்தெடுத்தது நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல். தெலுங்கு நாடு. பனங்காட்டுக்காரருக்கு அதுவும் ஒரு வெளிநாடுதான். நண்பர்களை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் பாளையங்கோட்டையில் இருப்பது சரியில்லை என்று பட்டதோ என்னவோ, ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுவிட்டு 1909-ல் குருவாகி, தெலுங்கு படித்து, தானே அங்கே குடிபோனார்.

இடையில் 1907-ல் டோக்கியோ. உலகக் கிறிஸ்தவ மாணவர் சம்மேளனத்தின் மாநாடு. ஆசியாவில் நடந்த முதல் பெரிய சர்வதேச மாநாடுகளில் ஒன்று. இரண்டு வருடம் முன்புதான் ஜப்பான் ரஷ்யாவைத் தோற்கடித்திருந்தது. ஆசியாக்காரர் எங்கும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்த காலம்.

பிறகு வந்தது அந்தக் கோடை.

1910 ஜூன் 14 முதல் 23 வரை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு. மே 6-ம் தேதி ஏழாம் எட்வர்ட் மன்னர் இறந்து துக்கம் முழுதாகத் தீராத நாட்கள். இரவு ஒன்பது மணிக்கும் சூரியன் மறையாத ஊர். சுமார் 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். அதில் ஆசியாக்காரர்கள் இருபது பேர்கூட இல்லை. ஆப்பிரிக்கக் கறுப்பர் ஒருவர்தான். இதற்கு ஒரு கணக்கு உண்டு. எந்த மிஷனரி சங்கம் ஆண்டுக்கு எவ்வளவு பணம் செலவழிக்கிறதோ அதற்கேற்றபடி அதற்குப் பிரதிநிதிகள். பணம் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்தது. எனவே நாற்காலிகளும் அவர்களுக்கு. இந்தியரும் ஜப்பானியரும் சீனரும் யாரோ ஒரு மேல்நாட்டுச் சங்கத்தின் தயவில், அதன் பட்டியலில் இடம்பிடித்து வந்தவர்கள். விருந்தாளிகள்.

மாநாட்டின் செயலாளர் ஜே.எச். ஓல்டம், அசரியா பிறந்த அதே 1874-ல் பம்பாயில் பிறந்தவர். லாகூரில் ஒய்.எம்.சி.ஏ. வேலை பார்த்தவர். ஒரே வயது, ஒரே இயக்கம், ஒரே தேசம். ஒருவர் மாநாட்டையே நடத்துகிறார். இன்னொருவர் வரவழைக்கப்பட்டு வருகிறார். இந்த வித்தியாசத்துக்குத் திறமை காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஜூன் 20, திங்கட்கிழமை மாலை. மேல்நாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையே ஒத்துழைப்பு என்பது அசரியாவுக்குக் கொடுத்த தலைப்பு. குருவாகி ஓராண்டுகூட ஆகாத முப்பத்தைந்து வயதுக்காரர், பிஷப்புகளும் பேராசிரியர்களும் நிறைந்த சபைக்கு முன் எழுந்தார். இந்த மாதிரி மேடையில் விருந்தாளி என்ன பேச வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருண்ட தேசத்துக்கு ஒளி கொண்டுவந்தீர்கள், நன்றி என்று நாலு வார்த்தை சொல்லி உட்கார்ந்தால் கைதட்டு நிச்சயம்.

அவர் நன்றியும் சொன்னார். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்றைச் சொன்னார். பத்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்ததில், ஐரோப்பிய மிஷனரிக்கும் இந்திய ஊழியருக்கும் உள்ள உறவு இருக்க வேண்டிய விதத்தில் இல்லை என்றார். ஒதுக்கம் இருக்கிறது, மனம்விட்டுப் பேசுவது இல்லை. பணம் கொடுக்கிறவர் எஜமான், வாங்குகிறவர் வேலைக்காரர் என்றாகிவிட்டது. மிகச் சிலரைத் தவிர மற்றவர்களுக்குத் தாங்கள் ஏதோ இறங்கிவந்து தயவு செய்கிறோம் என்ற தோரணை போகவில்லை என்றார். கைகுலுக்குவது, உட்கார நாற்காலி போடுவது, வீட்டுக்கு வந்துபோவது, டீக்கும் விருந்துக்கும் அழைப்பது என்று சின்ன விஷயங்களையெல்லாம் பெயர் சொல்லி எடுத்துவைத்தார். இவற்றை இவற்றுக்காகவே கேட்கவில்லை, மனதில் நட்பு இருந்தால் அதற்கு அடையாளமாக இவையும் இதற்கு மேலும் வேண்டும் என்றார். கடைசியில் பவுல் அப்போஸ்தலர் அன்பைப் பற்றி எழுதிய நிருபத்தைத் துணைக்கு இழுத்தார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உயிரையும் கொடுத்தீர்கள், இந்தியத் திருச்சபை அதை என்றும் மறக்காது. ஆனால் நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார்.

அரங்கத்தில் பலர் நெளிந்தார்கள். சிலருக்குக் கோபம். அந்த மாநாட்டில் ஆயிரக்கணக்கான பக்கங்களில் அறிக்கைகள் தாக்கலாயின. எட்டுக் குழுக்கள் வருடக்கணக்கில் உழைத்துத் தயாரித்தவை. இன்று அவற்றைப் புரட்டுகிறவர்கள் ஆராய்ச்சியாளர்கள்தான். அசரியா கேட்ட மூன்று வார்த்தை மட்டும் நிற்கிறது.

இதை அவர் திருநெல்வேலியிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருக்கலாம்தான். சம்பளம் தருகிறவர் பங்களா வாசலில் நின்றுகொண்டு, எனக்கு நாற்காலி போடுங்கள் என்று கேட்பதற்கு நம் ஊரில் என்ன பெயர் வைப்பார்கள்? திமிர் என்பார்கள். அங்கே அந்த வாசல் இல்லை. எல்லா மிஷன்களின் தலைமையும் ஒரே கூரைக்குள் உட்கார்ந்திருந்தது. எந்த ஒரு மிஷனரியையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாமல் எல்லோரிடமும் ஒரே நேரத்தில் கேட்க முடிந்தது. வீட்டுப் பிரச்சினையைச் சொல்ல வீட்டைவிட்டு ஏழாயிரம் மைல் போக வேண்டியிருந்தது.

வெள்ளைக்காரர் நாற்காலி போடாதது பெரிய கொடுமை என்றால், நாம் ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்டோமா என்ற கேள்வியும் பின்னாலேயே வருகிறது. அதே காலத்தில், உதியன்குளங்கரையிலிருந்து அதிக தூரமில்லாத வெங்கானூரின் அய்யன்காளி, புலையர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உட்கார இடம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார். 1893-ல் தடையை மீறி வில்வண்டியில் பொதுச்சாலையில் போனவர் அவர். தடுத்தவர்கள் யாரும் லண்டனிலிருந்து வரவில்லை. மெய்ஞ்ஞானபுரம் விடுதியில் சங்கம் வைத்த அசரியாவுக்கு இது தெரியாத விஷயம் அல்ல. தோர்ணக்கல்லில் அவர் வாழ்நாளெல்லாம் உழைத்ததும் பெரும்பாலும் மாலர், மாதிகர் என்று தெலுங்கு நாட்டில் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்களிடையேதான்.

பேச்சுக்குத் தண்டனை கிடைக்கவில்லை, பதவி கிடைத்தது. சென்னை பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட், தத்துவ அறிஞர் ஏ.என். ஒயிட்ஹெட்டின் அண்ணன், இந்தியர் ஒருவர் பிஷப்பாக வேண்டும் என்று விடாமல் நின்றார். எதிர்ப்பு வந்தது. வெள்ளை மிஷனரிகளிடமிருந்து மட்டுமல்ல, சொந்தத் திருநெல்வேலியிலிருந்தும் வந்தது. இதிலும் சாதியின் வாடை இல்லாமல் இல்லை. கடைசியில் 1912 டிசம்பர் 29-ம் தேதி கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அசரியா அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப். மேல்நாட்டு மிஷனரிகள் ஓர் இந்தியருக்குக் கீழே வேலை செய்ய நேர்ந்தால் என்ன ஆகும் என்று கவலைப்பட்டவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், ஆரம்பத்தில் ஒரு சின்ன மறைமாவட்டமாக வெட்டிக் கொடுத்தார்கள்.

எடின்பரோ கோடையின் மிச்சக் கதை தரங்கம்பாடியில் இருக்கிறது. அங்கே 1919 மே 1, 2 தேதிகளில் ஆங்கிலிக்கன்களும், லண்டன் மிஷன் முதலிய சபைகள் 1908-ல் சேர்ந்து அமைத்த தென்னிந்திய ஐக்கிய சபையாரும் கூடிப் பேசினார்கள். உங்கள் பிரிவினைகள் உங்கள் நாட்டுச் சண்டையில் பிறந்தவை, அவற்றை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. ஒன்றாகலாம் என்று அறிக்கை விட்டார்கள். அசரியா முன்னால் நின்றார். எல்லைப்புறச் சபைகளும் திருநெல்வேலிச் சபைகளும் ஒரே குடும்பமாவதற்குப் பிள்ளையார்சுழி (சொல் பொருத்தமில்லைதான்) அங்கே போடப்பட்டது. அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம் பேசினார்கள். 1947 செப்டம்பர் 27-ம் தேதி சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது அசரியா இல்லை. 1945 ஜனவரி 1-ம் தேதி தோர்ணக்கல்லில் காலமாகியிருந்தார்.

தரங்கம்பாடியில் கூடியவர்கள் 33 பேர். அதில் மேல்நாட்டவர் இரண்டே பேர். ஒருவர் எச்.ஏ. பாப்லி, தமிழ்க் கீர்த்தனை பாடிக் கதாகாலட்சேபம் செய்த ஆங்கிலேயர். இன்னொருவர் ஷெர்வுட் எடி.