மலைப்பாதையில் கற்ற பாடம்

சவ்வாது மலைக்கு நாம் பலமுறை சென்றதுண்டு. எனினும், நமக்குப் பாடமாய் அமைந்த பயணம் ஒன்றே. சில ஆண்டுகளுக்கு முன்னர், மாணவர் மூவருடன் ஒரு பழைய அம்பாசிடர் காரில் வாணியம்பாடியிலிருந்து காவலூர் வானாய்வகம் நோக்கிப் புறப்பட்டோம். 1986ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பெற்ற 2.3 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கியைக் காண்பது மாணவர்தம் நெடுநாள் ஆவல்.

ஆலங்காயத்தை நெருங்குகையில், காரின் முகப்பில் சிவப்பு விளக்கொன்று மின்னி மறைந்தது. முதியவரான ஓட்டுநர், “சார், ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும், இறங்கிப் பார்த்துவிடுகிறேன்” என்றார். “நேரமாகிறது பாய், வண்டியை விடுங்கள்” என்றோம். முதற்பிழை அதுவே.

மலையேற்றத்தில் பெல்ட் அறுந்தது. பாட்டரிக்கு மின்னூட்டும் டைனமோவையும், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பையும் விசிறியையும் அவ்வொரு பெல்ட்டே சுழற்றியது. ஆகவே, மின்னூட்டம் குன்றுகிறது என்ற அறிகுறி, வெப்பம் மிகப்போகிறது என்பதற்கும் முன்னறிவிப்பாய் இருந்தது. அதனை நாம் உணர்ந்திலோம்.

ரேடியேட்டர் சீறியது. “தம்பி, மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்று” என்று மாணவர் ஒருவரை ஏவினோம். அவர் கை மூடியைத் தொடுமுன் ஓட்டுநர் பாய்ந்து தடுத்தார். “கையை எடு தம்பி! வண்டிதான் நின்றது, உள்ளே கொதி நிற்கவில்லை” என்றவர், தம் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கை வரை பழைய தழும்பு.

மூடிய ரேடியேட்டரில் அழுத்தம் மிகுவதால், நீர் 100 பாகை செல்சியசைக் கடந்தும் கொதிக்காதிருக்கும். திறந்த கணமே அழுத்தம் நீங்க, அது ஆவியாய்ப் பீறிடும். எஞ்சின் நன்கு ஆறும்வரை காத்திருப்பதே அதற்கு மருந்து.

இருட்டியது. ஓட்டுநர் மாற்றுப் பெல்ட்டைப் பூட்டி முடிக்கும் வரை முன்விளக்குகளை எரியவிடச் சொன்னோம். இரண்டாம் பிழை அது. ஆறு அறைகள் கொண்ட 12 வோல்ட் பாட்டரி, ஊட்டமின்றி எத்துணை நேரம் தாங்கும்? ஸ்டார்ட்டர் முனகி ஓய்ந்தது. அவ்வழியே வந்த மலைவாழ் இளைஞர் நால்வர் தள்ள, ஓட்டுநர் இரண்டாம் கியரில் கிளட்சை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்தார்.

காவலூரை அடைந்தபோது பார்வை நேரம் முடிந்திருந்தது. மாணவர் எவரும் நம்மைக் குறைகூறவில்லை; அதுவே நம்மைச் சுட்டது.

அன்புசால் மாணவர்களே! மலையேறுமுன் பெல்ட்டின் இறுக்கத்தையும் ரேடியேட்டர் நீரையும் பாருங்கள். பாட்டரி முனைகளில் வெண்பூப்பு இருப்பின் துடைத்து இறுக்குங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, தொழிலறிந்தவர் “நிறுத்துங்கள்” என்றால் நிறுத்துங்கள். பட்டம் பல பெற்ற நாம், அன்று அந்தச் சொல்லுக்குச் செவிசாய்த்திலோம். ஒரு மாணவரின் முகம் வேகாமற் காத்தது, அப்பெரியவரின் தழும்பேறிய கையே.