டோக்கியோவுக்குப் போன கல்யாண கேசட்

டோக்கியோவில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கக் கிளம்பியபோது பெட்டியில் பருப்புப்பொடி, முறுக்கு, அப்பளம் எல்லாம் வைத்தேன். இரண்டு புடவைக்கு நடுவே பத்திரமாக இன்னொன்றும் வைத்தேன். 1994-ல் மதுரையில் நடந்த என் கல்யாண வீடியோ கேசட்.

அதில் என் அம்மா நலங்குப் பாட்டு பாடியிருக்கிறாள். என் மகள் பிறப்பதற்கு முந்தின வருஷமே அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த கேசட்டைப் போட்டுப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. மனசு வந்தபோது வீட்டில் டெக் இல்லை. பழைய சாமான்காரரிடம் போயிருந்தது. அதனால் பாட்டியின் குரலை என் மகள் கேட்டதே இல்லை.

“ஜப்பான்ல பழைய டெக் இன்னும் கிடைக்கும்மா. கேசட்டை எடுத்துட்டு வா” என்றாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வி.எச்.எஸ். கேசட் பிறந்ததே ஜப்பானில்தானே! 1976-ல் ஜே.வி.சி. கம்பெனி அங்கேதான் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மகள் இருப்பது நிஷி கசாய். நம் ஊர்க்காரர்கள் நிறைய வசிக்கும் பகுதி. மளிகைக் கடையில் துவரம்பருப்பும் கிடைக்கிறது. அங்கிருந்து டோசாய் லைன் ரயிலில் ஏறி, கயாபாச்சோவில் ஹிபியா லைனுக்கு மாறினால் அகிஹபாரா. உலகப்போர் முடிந்த சமயத்தில் ரேடியோ பாகங்கள் விற்ற தெருக்கடைகளில் இருந்து வளர்ந்த இடம். இன்று கார்ட்டூன் பொம்மைக் கடைகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. ஆனால் ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்தால் ஆள் ஒதுங்கிப் போகிற சந்து. இரண்டு பக்கமும் ஒயர், சுவிட்ச், குட்டிக் குட்டி விளக்கு. சென்னை ரிச்சி தெருவைப் பார்த்தவர்களுக்கு அந்நியமாகவே தெரியாது.

பழைய சாமான் கடை ஒன்றில் டெக்குகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். பெரியவர் ஒருவர் என் கேசட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதன் மேல் ‘ஈ-180’ என்று இருந்தது. தலையை ஆட்டிவிட்டு, தன் அலமாரியில் இருந்த கேசட் ஒன்றைக் காட்டினார். அதில் ‘டி-120’ என்று இருந்தது. “இது வேற நாட்டு முறையாம், ஓடாதாம்” என்றாள் மகள். “அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்கோம், ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லு” என்றேன்.

கேசட் அழகாக உள்ளே போனது. திரையில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் உருண்டு ஓடின. நாதஸ்வரம் விசில் மாதிரி கேட்டது. பேச்சுக்குரல்கள் குருவிச் சத்தமாகக் கீச்சிட்டன. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

காரணத்தை ரயிலில் மகள் சொன்னாள். அந்தக் காலத்து டி.வி. முறைகளை வகுத்தபோது, அந்தந்த நாட்டு மின்சாரத்தின் துடிப்பை ஒட்டியே படத்தின் வேகத்தையும் வைத்தார்கள். நம் மின்சாரம் விநாடிக்கு 50 துடிப்பு, அமெரிக்காவில் 60. நாம் எடுத்துக்கொண்ட ‘பால்’ முறையில் விநாடிக்கு 25 படம், ஒவ்வொன்றிலும் 625 கோடு. அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையில் ஏறக்குறைய 30 படம், 525 கோடு. ஜப்பான் அமெரிக்க வழியில் போனது. கேசட்டின் உருவம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் நாடா ஓடும் வேகமே வேறு. அந்த டெக் நம் நாடாவை வேகமாக இழுத்ததால்தான் அந்தக் கீச்சு.

இதில் ஒரு வேடிக்கை. டோக்கியோவிலேயே மின்சாரம் நம் ஊர் போல 50 துடிப்புதான், ஒசாகாவில் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மனியில் இருந்தும், ஒசாகா அமெரிக்காவில் இருந்தும் ஜெனரேட்டர் வாங்கியது. அன்று வாங்கியதன் பலனாக, ஒரே நாடு இன்றைக்கும் இரண்டு மின்சாரத்தில் ஓடுகிறது.

ஜப்பானில் 2012-க்குள் பழைய அனலாக் ஒளிபரப்பு முழுவதும் முடிந்துவிட்டது. டிஜிட்டல் வந்தும் உலகம் ஒன்றாகவில்லை. அவர்கள் ஒளிபரப்பு முறை வேறு, நம்முடையது வேறு. அங்கே உள்நாட்டுக்காக விற்கும் டி.வி.யை ஆசைப்பட்டு வாங்கி வந்தால், அதன் ட்யூனர் இங்கே சேனல் பிடிக்காது. அவர்கள் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. 100 வோல்ட் என்று மட்டும் எழுதிய பொருளை நம் பிளக்கில் நேரடியாகச் செருகினால் கருகிவிடும். கடையில் விற்கும் சினிமா டி.வி.டி.க்கும் எல்லை உண்டு. ஜப்பான் இரண்டாம் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம். வாங்கும் முன் பெட்டியின் பின்பக்கம் பார்த்துவிடுவது நல்லது.

ஊர் திரும்பிய மறுநாளே எங்கள் தெரு ஸ்டுடியோவுக்குப் போனேன். அந்தத் தம்பி பழைய டெக் ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார். கேசட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்து, “பூஞ்சை பிடிச்சிருக்கே அக்கா. அப்படியே போட்டா நாடா அறுந்தாலும் அறுந்துடும். சுத்தம் பண்ணிட்டுப் பார்க்கறேன்” என்றார். உலகத்திலேயே கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பான் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டதாம். இருப்பவை பழுதானால் பாகம் கிடைப்பதே கஷ்டம் என்றார்.

நான்கு நாள் தூக்கம் இல்லை. ஐந்தாம் நாள் பென்டிரைவைக் கையில் கொடுத்தார். முகூர்த்தத்தில் கொஞ்ச நேரம் படம் போயே போய்விட்டது. நலங்கு தப்பித்துவிட்டது.

அதை மட்டும் வெட்டி மகளுக்கு அனுப்பினேன். ஃபைலாக மாறிய பிறகு எந்த நாட்டு செல்போனிலும் ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து போன். “அம்மா, பாட்டி பாட்டு நடுவுல சிரிக்கிறாங்க. அது அப்படியே உன் சிரிப்பு” என்றாள்.

பரணில் கேசட் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கேசட்டாகக் கொண்டு போகாதீர்கள். இங்கேயே, டெக் இருக்கும்போதே, மாற்றிவிடுங்கள்.