ஒரே கம்பியில் இருவர்

பழைய கணிப்பொறிகளில் ஒரு விசித்திரமான பஞ்சம் இருந்தது. நினைவகப் பஞ்சத்தை எல்லோரும் அறிவர். நான் குறிப்பிடுவது, குரல் கொடுப்பதற்கான வழிகளின் பஞ்சம்.

விசைப்பலகையோ மோடமோ, எந்த உறுப்புக்கும் சொல்ல ஏதேனும் இருந்தால், அது மையச் செயலியின் வேலையை ஒரு கணம் நிறுத்தியே சொல்லவேண்டும். அந்த அழைப்புக்குக் குறுக்கீடு என்று பெயர், புழக்கத்தில் இன்டரப்ட். நாம் ஒரு விசையை அழுத்தினால் ஒரு குறுக்கீடு, விரலை எடுத்தால் இன்னொன்று. 1981-ல் வெளியான ஐ.பி.எம். பி.சி.யில் இதற்கென இருந்தவை 8 கம்பிகள். 1984-ல் ஏ.டி. மாதிரி வந்தபோது மேலும் 8 சேர்ந்தன. இரு தொகுதிகளையும் பிணைக்கவே ஒன்று செலவானதால் மிஞ்சியவை 15. கடிகாரத்துக்கு 0, விசைப்பலகைக்கு 1, ஃபிளாப்பிக்கு 6, வன்தட்டுக்கு 14 என்று பங்கிட்டபின், புதிதாக வாங்கிவரும் அட்டைகளுக்குச் சிலவே எஞ்சும்.

அன்றைய ஐ.எஸ்.ஏ. அட்டைகளோ பகிர்ந்துகொள்ள அறியாதவை. கம்பியில் மின்னழுத்தம் தாழ்விலிருந்து உயரும் கணத்தை மட்டுமே அழைப்பாகக் கொள்ளும் அமைப்பு அது. ஓர் அட்டை ஏற்கெனவே அதை உயர்த்திப் பிடித்திருந்தால், மற்றதன் அழைப்பு யார் காதிலும் விழாது.

1997-ல் நண்பர் ஒருவர் சிறிய டி.டி.பி. கடை நடத்திவந்தார். பக்கங்களைத் தொலைபேசி வழியாகவே அச்சகத்துக்கு அனுப்பிவிடலாம் என்று ஒரு மோடம் அட்டை வாங்கிப் பொருத்தினார். மோடம் எண்ணைச் சுழற்றத் தொடங்கியதும் திரையில் அம்புக்குறி உறைந்துவிடும். பார்க்கவந்த பழுதுநீக்குநர், மதர்போர்ட் போய்விட்டது, மாற்றியாகவேண்டும் என்று தீர்ப்பளித்தார். அவர் கேட்ட தொகை நண்பரின் இரண்டு மாத வருமானம்.

மறுநாள் இருவரும் அமர்ந்து நிதானமாகக் கவனித்தோம். அம்புக்குறி உறைந்த நிலையிலும் கன்ட்ரோல், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பட்டியல் திறந்தது. ஆகவே இயந்திரம் உயிரோடுதான் இருக்கிறது; மவுஸின் குரல் மட்டும் கேட்கவில்லை. மோடத்தைக் கழற்றினால் மவுஸ் ஒழுங்காக ஓடியது. மோடம் உள்ளே சும்மா இருந்தாலும் ஓடியது. மோடம் பேசத் தொடங்கினால்தான் சிக்கல்.

பிறகு எண்களைப் பார்த்தோம். மவுஸ் காம் 1 துறையில் இருந்தது, மோடம் காம் 3-ல். பெயரில் வேறானாலும் வழக்கப்படி இரண்டுக்கும் குறுக்கீட்டு எண் 4. காம் 2-க்கும் காம் 4-க்கும் எண் 3. பெட்டியின் பின்புறம் காம் 2 துறை வெறுமனே கிடந்தது. பயாஸில் அதை அணைத்தோம். மோடம் அட்டையின் ஜம்பர்களைப் பிடுங்கிப் பக்கத்து ஊசிகளில் செருகி, அதையே காம் 2 ஆக்கினோம். மோடம் கீச்சிட்டு இணைந்தது, அம்புக்குறியும் நகர்ந்தது. “எதையும் வாங்கவே வேண்டாமா?” என்று நண்பர் இரண்டு முறை கேட்டார்.

பின்வந்த பி.சி.ஐ. அட்டைகள் ஒரே கம்பியைப் பகிரக் கற்றுக்கொண்டன. அதற்கும் பின்னால் கம்பியே தேவையற்றுப்போனது. குறுக்கீடு என்பது நினைவகத்தில் எழுதப்படும் ஒரு செய்தியாயிற்று, எம்.எஸ்.ஐ.-எக்ஸ் முறையில் ஒரே சாதனத்துக்கு 2048 வரை அனுமதி உண்டு. ஜம்பர்களுக்காக எவரும் ஏங்கப்போவதில்லை. நானும் ஏங்கவில்லை.

ஆனால் புதிதாக ஒன்று வந்து தொல்லை தொடங்கினால், வந்தது சரியில்லை என்போம், அல்லது இருந்தது பழசாகிவிட்டது என்போம். இரண்டுமே நல்லவையாக இருந்து, ஒரே இடத்தைக் கேட்டிருக்கலாம் என்பது எளிதில் தோன்றுவதில்லை. அந்த முடிவில் விற்பதற்கு எதுவும் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்றும் எதையேனும் ‘போய்விட்டது’ என்று யாராவது சொன்னால், போனது பொருளா, அதற்குத் தந்த இடமா என்று கேட்கவே தோன்றுகிறது.