ஒரே வாய், இருபத்து நாலு முறை

வடபழனியில் ஒரு பல் லேப், இரண்டாம் மாடி. மேசைமேல் வரிசையாக அடுக்கியிருந்த சாம்பல் நிறப் பல் மாதிரிகளை இருபத்து நாலு பேருடையவை என்றுதான் முதலில் நினைத்தேன். "எல்லாம் ஒரே பொண்ணோடது சார்" என்றார் ட்ரிம்மிங் மேசையில் இருந்த பெண். ஒன்றாம் எண்ணையும் இரண்டாம் எண்ணையும் என் கையில் கொடுத்து, வித்தியாசம் சொல்லச் சொன்னார். திருப்பித் திருப்பிப் பார்த்தும் தெரியவில்லை. அடுத்து ஒன்றையும் இருபத்து நாலையும் கொடுத்தார். முதலாவதில் தோளிடித்து ஏறி நின்ற முன்பற்கள் கடைசியில் ஒழுங்காக வரிசைக்கு வந்திருந்தன.

இந்த மாதிரிகளின்மேல் வார்க்கும், மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் உறைக்கு அலைனர் என்று பெயர். ஓர் அலைனர் ஒரு பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர்தான் தள்ளும். இரண்டு மூன்று தாள்களின் கனம். அதற்குமேல் அவசரப்படுத்தினால் பல் கேட்காது. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ச்சவ்வு இருக்கிறது. அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரையும். இழுபடும் பக்கத்தில் புதிதாக வளரும். கம்பி போட்டாலும் பிளாஸ்டிக் மாட்டினாலும் பல் நகர்வது இந்த ஒரே வழியில்தான். விளம்பரங்களைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு வைத்தியம் என்று தோன்றும்.

வாயை ஸ்கேன் செய்து, கணினியில் பல்லைப் படிப்படியாக நகர்த்தி, டாக்டர் சரி சொன்னதும் படிக்கு ஒரு மாதிரி பிரிண்டரில் வளரும். அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி இறக்குவதைப் பார்த்தேன். விறைப்பாக இருந்த ஷீட் சூட்டில் நடுவே தொய்ந்தது. இயந்திரம் புஸ்ஸென்று காற்றழுத்தம் கொடுக்க, பல்லின் ஒவ்வொரு பள்ளத்திலும் அப்பிக்கொண்டது. எல்லாம் சில நொடிகள். அதோடு மாதிரிக்கு வேலை முடிந்தது. மூலையில் இருந்த சாக்கில் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத கிளிப் என்கிறார்கள், அந்தச் சாக்கு நன்றாகவே தெரிந்தது.

நேரம் பிடிப்பது இதற்குப் பிறகுதான். ஈறு ஓரத்தை ஒட்டி, சின்ன மோட்டாரில் சுழலும் பர்ரால் அந்தப் பெண் ஒவ்வொன்றாக வெட்டினார். வெட்டியதும் கையுறையைக் கழற்றி, விளிம்பில் சுண்டுவிரலை ஓட்டிப் பார்த்தார். "கண்ணுக்குத் தப்பிடும். நாக்குக்குத் தப்பாது" என்றார். பாலிஷ் ஆனதும் கழுவிப் பையில் போட்டு எண் ஒட்டினார்.

இந்தத் தொழில் பிறந்ததே ஒரு சோம்பேறித்தனத்தில். சியா சிஷ்டி என்பவர் பெரியவரான பிறகு கம்பி போட்டு, கழற்றியதும், பல் விலகாமல் பிடித்து வைக்கும் ரீடெய்னரை மாட்டிக்கொண்டார். அதை மாட்டாமல் விட்டால் பல் விலகுகிறது, மறுபடி மாட்டினால் திரும்புகிறது. அப்படியானால் வரிசையாகப் பல தட்டுகள் செய்து பல்லையே நகர்த்தலாமே? 1997இல், ஸ்டான்ஃபோர்டில் உடன் படித்த கெல்சி விர்த்துடன் சேர்ந்து அலைன் டெக்னாலஜியைத் தொடங்கினார். இன்விசலைன் என்ற அலைனர் வந்தது அங்கிருந்துதான். ஆரம்பத்தில் அவர்களுக்காகக் கணினியில் பல்லை நகர்த்தியவர்கள் லாகூரில் உட்கார்ந்திருந்தார்கள். 2001க்குப் பிறகு அந்த வேலை கோஸ்டாரிகாவுக்குப் போனது.

கம்பிக்கு ஒரு பலம் உண்டு. நிக்கல்-டைட்டேனியம் கம்பி தன் பழைய வளைவுக்குத் திரும்பத் துடித்துக்கொண்டே இருக்கும். நாம் தூங்கினாலும் அது தூங்காது. கம்பியைத் தாங்கும் பிராக்கெட் பல்லோடு ஒட்டியிருப்பதால் வேர் வரை திசை சொல்ல முடியும். பிளாஸ்டிக் பல்லின் தலையை மட்டுமே கவ்வும். உள்ளே ஏறிப்போன பல்லைக் கீழே இழுப்பதும் உருண்டையான கோரைப்பல்லைத் திருப்புவதும் அதற்குக் கஷ்டம். அதனால்தான் பல்லின்மேல் பல் நிறத்திலேயே சின்னச் சின்ன மேடுகளை ஒட்டுகிறார்கள். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருந்தால்தான் அலைனர் வேலை செய்யும். கழற்றிச் சாப்பிடலாம், பல் தேய்க்கலாம் என்பது வசதிதான்; கழற்றியதை மாட்ட மறப்பதும் அதே வசதியில் வருகிறது. என்னைப் போன்ற ஆளுக்குக் கம்பியே சரி.

இதை எழுத எனக்குத் தகுதி உண்டு. லேபில் ஜன்னலோரம் பிளையரோடு உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை. என் பல்லைப் பார்த்தார்.

"கிளிப் கழட்டினப்புறம் பிளேட் போடலையா சார்?"

கல்லூரியில் இரண்டு வருஷம் கம்பி போட்டிருந்தேன். ரீடெய்னர் ஹாஸ்டலில் எங்கோ தொலைந்தது. முன்பல் ஒன்று மெல்லத் திரும்பி, பழைய இடத்துக்கே போய்விட்டது.

அவர் 0.7 மில்லிமீட்டர் எஃகுக் கம்பியை மூன்று நான்கு மடக்கில் கொக்கியாக்கினார். மாதிரிப் பல்லில் வைத்தார், எடுத்தார், இன்னொரு துளி வளைத்தார். ஹாலி ரீடெய்னர். பல் வரிசைக்கு வந்த பிறகு அங்கேயே இருக்கச் செய்ய இது, அல்லது இதன் பிளாஸ்டிக் தம்பி, எல்லோருக்கும் வேண்டும்.

அன்று அவர் மேசையில் ஒன்பது வேலைச் சீட்டுகள் இருந்தன. ஐந்து கம்பி போட்டவர்களுடையவை, நான்கு அலைனர் போட்டவர்களுடையவை.