மஞ்சளுக்கு எட்டாத வேர்

தை 8, தொண்டூர்

மகளின் தலையணை உறையில் ரத்தப் பொட்டு. இருட்டில் கையால் தடவித் தடவித் தாடை முடியைப் பிடுங்கியிருக்கிறாள். பத்தொன்பது வயது. செஞ்சிக்குப் போகிற பேருந்தில் துப்பட்டாவால் வாயை மூடியபடியே உட்காருவாளாம். இத்தனை வருடமும் கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும் அரைத்துக் கொடுத்தவள் நான். "நீ ஒழுங்கா பூசறதில்லடி" என்று திட்டியும் இருக்கிறேன்.

தை 15

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் என்பதை இன்றுதான் என் எதிரிலேயே சொன்னாள். முடி திடீரென்று அடர்ந்ததா, குரல் கரகரத்ததா என்று டாக்டரம்மா கேட்டார். அப்படியிருந்தால் கட்டி இருக்கிறதா என்று தேட வேண்டுமாம். இவளுக்கு அப்படியில்லை. உதட்டு மேல், தாடை, மார்பு, முதுகு, வயிறு என்று 9 இடம் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறு என்றார்.

சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதனால் பூனை முடி கறுத்துத் தடிக்கிறது. மஞ்சள் தோலோடு நின்றுவிடும். முடியை வளர்ப்பது ரத்தத்தில் ஓடுவது.

எழுதிக் கொடுத்தது கருத்தடை மாத்திரை. "கல்யாணம் ஆகாத பொண்ணும்மா!" என்று பதறிவிட்டேன். சினைப்பையின் சுரப்பை அது அடக்கும், மிச்ச ஹார்மோனைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கூட்டும் என்று பொறுமையாக விளக்கினார். பலன் தெரிய 6 மாதமாவது ஆகுமாம். போதாவிட்டால் ஸ்பைரோனோலாக்டோன் சேர்ப்பார்கள்; அது ரத்த அழுத்த மாத்திரை. அதைச் சாப்பிடும்போது கரு தங்கவே கூடாது, ஆண் சிசுவைப் பாதிக்கும்.

தை 16

தூக்கம் வரவில்லை. சிகாகோவில் ஸ்டெய்ன், லெவந்தால் என்ற மருத்துவர்கள் இந்நோயை எழுதியது 1935-இல். எங்கள் அத்தை பிறப்பதற்கு முன்பே. பிள்ளையில்லாத அவளை ஊரே 'மீசைக்காரி' என்றது. அவள் முக்காட்டை இறக்கி நான் பார்த்ததில்லை. நோய் என்று ஒருவராவது அவளிடம் சொல்லியிருக்கலாமே.

மாசி 3

தடித்த முடி மாத்திரையால் உதிராது, அதுவரை மழித்துக்கொள் என்றிருந்தார் டாக்டரம்மா. மழித்தால் கனமாக முளைக்கும் என்று நான் தடுத்தேன். மகள் விலங்கியல் படிக்கிறவள். "1928-லேயே மில்ட்ரெட் ட்ராட்டர்னு ஒரு அம்மா சோதிச்சுப் பார்த்து, இல்லன்னு எழுதிட்டாங்கம்மா. நுனி மொட்டையா இருக்கறதால சொரசொரங்குது, அவ்ளோதான்" என்றாள்.

ரேசர் வாங்கி வந்தவர் அவள் அப்பா. கண்ணாடி முன் நிறுத்தி, நுரை போட்டு, தாடைத் தோலை எப்படி இழுத்துப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தார். இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் அடுப்படியில் அழுதேன்.

ஆடி 12

தினமும் மழித்தவளுக்கு இப்போது மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். வயிற்றில் இன்னும் குறையவில்லை. லேசர் செய்யலாம்; நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம்தான் தோலைச் சுடாமல் வேரை எட்டுமாம். பல தடவை போக வேண்டும், செலவும் இருக்கிறது. மல்லாட்டை விற்ற பிறகு பார்க்கலாம் என்கிறார் இவர்.

அட்டையில் நாலு மாத்திரைதான் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரி பின்வாசல் வழியே வந்து, எந்தக் கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று மெதுவாகக் கேட்டாள். வியாழன், முதல் பேருந்து என்றேன்.